மூங்கில் சீவலை வைத்துப் பாருங்கள்

அன்புள்ள ஐயா,

ஹெச்.எம்.எஸ். ட்ரிங்கோமலி என்ற பழைய ஆங்கிலேயப் பாய்மரப் போர்க்கப்பலின் மாதிரியை, ஒரு அடிக்குக் கால் அங்குலம் என்ற அளவில் மரத்தில் செய்துகொண்டிருக்கிறேன். முதலில் வாங்கிய வரைபடம் கூரியரில் தொலைந்துபோய் நான்கு மாதம் வீணானது. இதுவரை இருபத்திரண்டு விலாச்சட்டங்களை ஒவ்வொன்றாக அறுத்து, உப்புத்தாள் தேய்த்து, வார்னிஷும் பூசிவிட்டேன். படம் இணைத்திருக்கிறேன். நிஜக் கப்பல் தேக்கு என்பதால் நானும் தேக்குதான் எடுத்தேன். சட்டங்களை அடிமரத்தில் ஒட்ட ஃபெவிகால் போதுமா, எபாக்சி வேண்டுமா? வீட்டில் எல்லோரும் வெட்டிவேலை என்கிறார்கள்.

கே.

அன்புள்ள கே.,

படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு சட்டங்களும் மேசையில் வரிசையாக, மீன் முள் மாதிரி. நல்ல கை உங்களுக்கு. அதனால்தான் கோபமும் வருகிறது. யார் உங்களை வார்னிஷ் பூசச் சொன்னது?

வீட்டில் சொல்வதை விடுங்கள், எல்லா வீட்டிலும் சொல்வதுதான். வரைபடம் தொலைந்ததற்கும் வருந்தாதீர்கள். இதே கப்பலுக்கு லண்டனிலிருந்து பம்பாய்க்கு அனுப்பிய வரைபடமும் வந்து சேரவில்லை. அதை ஏற்றிவந்த ஜாவா என்ற கப்பலை 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கர்களின் கான்ஸ்டிடியூஷன் என்ற போர்க்கப்பல் அடித்து வீழ்த்தியது. மறுபடி நகல் வந்து, கப்பல் கட்டும் வாடியா குடும்பத்தார் பம்பாயில் மலபார்த் தேக்கில் கட்டி, 1817 அக்டோபர் 12-ல்தான் அது தண்ணீரில் இறங்கியது. இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்லிபூலில் மிதக்கிறது. உங்களுக்குப் போனது நான்கு மாதம்தானே.

தேக்கு வேண்டாம். நிஜக் கப்பலுக்குத் தேக்குதான் சரி, ஆனால் நாற்பத்தெட்டில் ஒரு பங்காகச் சுருக்கும்போது தேக்கின் துளைகள் சுருங்குவதில்லையே. சின்னச் சட்டத்தில் அவை பள்ளம் பள்ளமாகத் தெரியும். வெட்பாலையோ மஞ்சக்கடம்போ கிடைக்கிறதா பாருங்கள். சரி, இதுவும் பெரிய விஷயமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் என் அத்தை தாய்மாமாவின் கருவிப்பெட்டியை என்னிடம் கொடுத்தனுப்பினார். மாமா தூத்துக்குடியில் ஓடாவி, தோணி வேலை. உளிகளில் பாதி துருவேறிப் போயிருந்தன. பெட்டியின் அடியில் மூன்றடி நீளத்தில் ஒரு மூங்கில் சீவல், விரலை விடக் குறுகலாக, பிடித்துப் பிடித்து ஓரமெல்லாம் கறுத்துப்போய், நாருக்குள் இன்னும் சுண்ணாம்புக்கட்டித் தூள் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபடி இருந்த நாட்களில்தான் உங்கள் கடிதம் வந்தது.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். கரையேற்றிய தோணி ஒன்றில் பலகைகளைக் கழற்றிவிட்டு, உளுத்துப்போன மூன்று விலாச்சட்டங்களை மாற்றிக்கொண்டிருந்தார்கள். வளைந்தே வளர்ந்த கருவேலங்கட்டையாகத் தேடி எடுத்து அறுத்திருந்தார்கள். அப்போதுதான் நார் வளைவோடு கூடவே ஓடும். நேர்க்கட்டையில் வளைவை அறுத்தால் நார் குறுக்கே வெட்டுப்பட்டு அந்த இடத்திலேயே முறியும். புதுச் சட்டம் ஒன்றை என்னிடம் கொடுத்தார் மாமா. நான் மதியம் முழுக்க அதைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கிக் கொண்டுபோய் நீட்டினேன். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. உள்ளே நிறுத்தி, பழைய சட்டங்கள் இரண்டு அந்தப் பக்கம், இரண்டு இந்தப் பக்கம் சேர்த்து மூங்கில் சீவலை வளைத்துப் படுக்கவைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். என் சட்டத்தின் முன்விளிம்பு மட்டும் சீவலைத் தூக்கிக்கொண்டு நின்றது. சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டுவிட்டு, "இவனுக்குப் பக்கத்துல இருக்கறவன் யாருன்னே தெரியல" என்றார். சட்டத்தைத்தான் சொன்னார்.

கே., உங்கள் இருபத்திரண்டு சட்டங்களுக்கும் பக்கத்தில் இருப்பது யார் என்று தெரியாது. கப்பலின் நடுவில் சட்டத்தின் வெளிமுகம், அதாவது பலகை உட்காரும் பக்கம், ஏறக்குறைய சாய்வில்லாமல் இருக்கும். மூக்கை நோக்கிப் போகப் போக உடல் ஒடுங்குகிறது. அங்கே ஒரே சட்டத்தின் முன்முகத்துக்கு ஒரு வளைவு, பின்முகத்துக்கு வேறு வளைவு. வெளிமுகம் சாய்ந்தாக வேண்டும், அந்தச் சாய்வும் அடியில் ஒருவிதம், மேலே ஒருவிதம். உங்கள் படத்தில் எல்லாச் சட்டமும் ஓரம் செங்குத்தாக, பிஸ்கட் வெட்டினது போல இருக்கிறது. இதன்மேல் பலகை போட்டால் ஒரு விளிம்பில் மட்டும்தான் உட்காரும். வரைபடத்தைப் பார்த்துச் சாய்வை முழுதாக முன்கூட்டியே சீவிவிடவும் கூடாது. கொஞ்சம் கூடுதலாக விட்டுத்தான் நிறுத்த வேண்டும். உங்கள் அளவில் அரை மில்லிமீட்டர் பிசகு என்றால் நிஜக் கப்பலில் 24 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஓர் அங்குலம். அந்த அரை மில்லியை எந்த ஸ்கேலும் உங்களுக்குக் காட்டாது, சீவல் காட்டும். அடியிலிருந்து மேல்தட்டு வரை, விரற்கடை விரற்கடையாக நகர்த்திப் பாருங்கள். எங்கே தூக்குகிறதோ அங்கே அரம், எங்கே பள்ளமோ அங்கே வெளிமுகத்தில் ஒரு மெல்லிய துண்டை ஒட்டி மறுபடி சீவுங்கள். ஒரு சட்டத்தைத் தொட்டால் இரு பக்கத்துச் சட்டங்களையும் மறுபடி பார்க்க வேண்டும். அலுப்பாகத்தான் இருக்கும். வாரக்கணக்கில் ஆகும். செய்யுங்கள்.

அப்புறம், ஒவ்வொரு சட்டமும் ஒரே பலகையில் அறுத்ததா? படத்தில் அப்படித்தான் தெரிகிறது. அப்படியானால் அடிவயிறு திரும்பும் இடத்தில் கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். முறிந்தால் என்னைத் திட்டாதீர்கள். துண்டுகளை இரண்டு அடுக்காக, ஓர் அடுக்கின் மூட்டு மற்ற அடுக்குத் துண்டின் நடுவில் வருகிற மாதிரி ஒட்டித்தான் சட்டம் செய்ய வேண்டும்.

பசை கேட்டிருந்தீர்கள். வார்னிஷ் மேல் எதுவும் ஒழுங்காகப் பிடிக்காது. முதலில் அதைச் சுரண்டி எடுங்கள், அதன்பின் ஃபெவிகாலே போதும். நடுவிலிருந்து ஐந்து சட்டங்களை மட்டும் நிறுத்தி, மேலே ஒரு மூங்கில் சீவலை வளைத்து வைத்து, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.