தேயிலைச் சாறு அச்சாகுமா?

கேள்வி: ஐயா, கோத்தகிரியில் எம்.எஸ்சி. வேதியியல் படிக்கிறேன். தேயிலைக் கொழுந்துச் சாற்றில் சில்வர் நைட்ரேட் கலந்து நானோ வெள்ளி செய்தேன். 'உயிர் மூலக்கூறு அச்சில் வார்த்த நானோ பொருள்' என்று ப்ராஜெக்டுக்குத் தலைப்பு வைத்தால், அச்சு எங்கே என்று கைடு கேட்கிறார். தலைப்பை மாற்றவா, சோதனையை மாற்றவா?

பதில்: கைடு கேட்டது நியாயம்தான். தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருட்களான பாலிஃபீனால்கள் வெள்ளி அயனிக்கு எலக்ட்ரான் கொடுத்து உலோகமாக்குகின்றன. துகள்கள் ஒட்டிக்கொள்ளாமலும் பார்த்துக்கொள்கின்றன. துகள் எந்த அளவில் நிற்க வேண்டும் என்பது அவற்றின் கையில் இல்லை. சாற்றைக் கூட்டினாலோ சூட்டைக் குறைத்தாலோ அளவு மாறிவிடும்.

அச்சு என்றால் பணியாரக் கல் மாதிரி. குழி எவ்வளவோ பணியாரம் அவ்வளவு. இரும்பைச் சேமிக்கும் ஃபெரிட்டின் புரதம் அப்படித்தான்: வெளிவிட்டம் 12 நானோமீட்டர், உள்ளே 8 நானோமீட்டர் குழி. இரும்பை எடுத்துவிட்டு வேறு பொருளை உள்ளே வளர்த்தால் 8-க்குள் அடங்கிவிடும்.

சோதனையை மாற்றத் தயாரென்றால், 2009-இல் வெளியான மாட்டு சீரம் அல்புமின் (மாட்டு ரத்தத்திலுள்ள புரதம்) முறையைச் செய்து பாருங்கள். மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் அல்புமின் உள்ள கரைசல் 5 மி.லி., 10 மில்லிமோலார் குளோரோஆரிக் அமிலம் (தங்க உப்பு) 5 மி.லி. இரண்டையும் நன்றாகக் கலக்கி, 2 நிமிடம் கழித்து 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு அரை மி.லி. விடுங்கள். 37 டிகிரியில் 12 மணி நேரம். தங்க உப்பு விலைதான், ஆனால் ஒரு தடவைக்கு 20 மி.கி. போதும். காரம் ஏறியதும் புரதத்திலுள்ள டைரோசின் என்ற அமினோ அமிலம் தங்க அயனியை ஒடுக்கி உலோகமாக்கும், சிஸ்டீன் என்ற இன்னொரு அமினோ அமிலத்தின் கந்தகம் பிடித்து நிறுத்தும். சுமார் 25 தங்க அணுக்கள் கொண்ட கொத்து கிடைக்கும். கறாராகப் பார்த்தால் ஃபெரிட்டின் போல இதில் தனிக் குழி கிடையாது. ஆனாலும் புரதம்தான் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துகிறது. வைவாவில் தாராளமாக வாதாடலாம்.

அப்புறம், அந்த 37 டிகிரி. கோத்தகிரிக் குளிரில் குடுவையை மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் வேலைக்கு ஆகாது. வாட்டர் பாத் கட்டாயம்.

காலையில் கரைசல் அடர்பழுப்பாக இருக்கும், புற ஊதா விளக்கில் சிவப்பாக ஒளிரும். சாதாரண வெளிச்சத்திலேயே ஒயின் நிறம் தெரிந்தால் துகள் பெரிதாகிவிட்டது. தங்கம் சேர்க்காத அல்புமின் குடுவை ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். அது சிவப்பாக ஒளிராது.

இதற்கெல்லாம் நேரமில்லையென்றால் தேயிலையே இருக்கட்டும், தலைப்பில் 'பசுமைத் தொகுப்பு' (கிரீன் சிந்தசிஸ்) என்று போடுங்கள்.