பழைய வழக்கு, புதிய குற்றம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

திருட்டு வழக்கில் பிடிபட்ட ஒருவன் ஏற்கெனவே மூன்று திருட்டுகளுக்காகச் சிறை போனவன். நான்காவது வழக்கு நடக்கும்போது மட்டும் அந்த மூன்றையும் பற்றி மூச்சுவிடக் கூடாது என்கிறார்கள். ஆள் யாரென்றே தெரியாமல் எப்படித் தீர்ப்பு சொல்வது? குற்றவாளிகளுக்காகவே செய்த ஏற்பாடு போல இருக்கிறது.

கு.

அன்புள்ள கு.,

அடியோடு மூச்சுவிடக் கூடாது என்பதல்ல விதி. “அன்றைக்குத் திருடினான், இன்றைக்கும் இவன்தான்” என்று போகிற ஒரு பாதையைத்தான் அடைக்கிறார்கள். (ஆங்கிலேயச் சட்ட மரபில் வந்த நாடுகளைச் சொல்கிறேன். பிரான்சில் கதை வேறு.) வேறு பாதையில் பழைய குற்றம் தாராளமாக உள்ளே வரலாம்.

1915இல் இங்கிலாந்தில் நடந்த ஜார்ஜ் ஜோசப் ஸ்மித் வழக்கைப் பாருங்கள். அவன் மணந்த பெஸ்ஸி மண்டி 1912இல் குளியல் தொட்டியில் இறந்துகிடந்தாள். வலிப்பு வந்து மூழ்கிவிட்டாள் என்று மருத்துவரே நம்பினார். அதை மட்டும் பார்த்தால் யாருக்கும் விபத்து என்றுதான் தோன்றும். ஆனால் 1913இல் ஆலிஸ் பர்னம், 1914 டிசம்பரில் மார்கரெட் லோஃப்டி. மூவரையும் அவன் மணந்தது வெவ்வேறு பெயர்களில். மூவரும் செத்தது தொட்டியில். மூன்று சாவிலும் அவனுக்குப் பணம் வர வழியிருந்தது. விசாரணை நடந்தது மண்டி கொலைக்கு மட்டும்தான் என்றாலும், மற்ற இரண்டு சாவுகளையும் சாட்சியமாக ஏற்றார்கள். அவன் கெட்டவன் என்று காட்ட அல்ல. விபத்து என்ற அவன் வாதம் நிற்காது என்று காட்ட. ஸ்மித்துக்குத் தூக்கு.

நியூயார்க்கில் இதற்கு நேர்மாறாக நடந்தது. தபாலில் விஷம் அனுப்பிக் கொன்றதாக ரோலண்ட் மோலினோ மீது வழக்கு. இன்னொருவரின் விஷச் சாவையும் அரசுத் தரப்பு கூடவே இழுத்துக்கொண்டு வந்தது. 1901இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. மறுவிசாரணையில் அவர் விடுதலையானார். நோக்கம், எண்ணம், தற்செயல் அல்ல என்பது, ஒரே திட்டம், ஆள் அடையாளம் போன்றவற்றை நிரூபிக்கத்தான் வேறு குற்றத்தைக் கொண்டுவரலாம் என்றது அந்தத் தீர்ப்பு. இதே விதியை வைத்துத்தான் 2024இல் அதே நீதிமன்றம், பாலியல் குற்ற வழக்கில் ஹாலிவுட் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீனின் தண்டனையை 4-3 என்ற கணக்கில் ரத்து செய்தது. நீதிபதிகளே இப்படிப் பிரிகிறார்கள் என்றால் உங்களுக்கு எரிச்சல் வருவதில் வியப்பில்லை. ஆனாலும் “நோக்கம்” என்று பெயர் ஒட்டி ஆளின் குணத்தை உள்ளே கடத்துவதை அரசு வழக்கறிஞர்கள் எல்லா ஊரிலும் செய்து பார்ப்பார்கள். அதனால் விதி கொஞ்சம் இறுக்கமாக இருப்பதே நல்லது என்பது என் கட்சி.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு இதுதான் பெரிய காரணம். ஒரு திருட்டு நடந்ததும் போலீஸ் முதலில் யாரைத் தேடிப் போகும்? பழைய பட்டியலில் இருப்பவனை. அடையாளம் காட்டச் சொல்லிச் சாட்சியிடம் நீட்டுவதும் பெரும்பாலும் அவன் போட்டோவைத்தான். ஆக, அவன் மாட்டியதே பழைய வழக்கால். அதையே நீதிமன்றத்தில் ஆதாரமாகவும் வைத்தால் ஒரே விஷயத்தை இரண்டு முறை எண்ணுகிறோம். உண்மையில் திருடியவன் முதல்முறைக்காரனாக இருந்தால் அவனைத் தேட ஆளே இருக்காது.

சரி, உங்கள் ஆள் விஷயத்துக்கு வருவோம். நான்கு திருட்டிலும் வேறு யாரும் செய்யாத ஒரே விதமாகப் பூட்டு திறக்கப்பட்டிருந்தால், ஆள் அடையாளத்துக்காக அந்த மூன்றும் உள்ளே வர வாய்ப்புண்டு. வெறும் திருட்டு என்றால் வராது. குற்றம் நிரூபணமான பிறகு, எத்தனை வருடம் என்று முடிவு செய்யும்போது, மூன்றையும் நீதிபதி மேசைமேல் வைத்துக்கொள்ளலாம்.