ஒரே எழுத்துச் சுருக்கத்துக்கு ஏன் இத்தனை பொருள்?

'எம்எஸ்' மாதிரி ஒரே சுருக்கத்துக்கு ஏன் பல பொருள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆங்கிலத்தின் 26 எழுத்துகளை வைத்து ஈரெழுத்துச் சுருக்கங்கள் 676தான் வரும்; மூன்றெழுத்து என்றாலும் 17,576தான். துறைகளோ ஏராளம். மோதத்தான் செய்யும்.

பெரும்பாலும் இடத்தை வைத்தே புரிந்துவிடும். வங்கியில் ஏடிஎம் என்றால் பணம் எடுக்கும் இயந்திரம். இயற்பியலில் அது அழுத்தத்தின் அலகு. சரி, ஒரே துறைக்குள்ளேயே மோதினால்? மருத்துவத்தில்தான் எனக்குப் பயம். எம்எஸ் என்பது நரம்பைத் தாக்கும் மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ். இதய வால்வு குறுகும் மைட்ரல் ஸ்டெனோசிஸும் அதேதான். அப்புறம், மருந்துச் சீட்டில் அந்த இரண்டெழுத்து மட்டும் இருந்தால், அது வலியைப் போக்கும் மார்ஃபின் சல்ஃபேட்டா, வலிப்பைத் தடுக்கும் மக்னீசியம் சல்ஃபேட்டா? மாற்றிக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷன், எழுதவே கூடாத சுருக்கங்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது. அங்கே மருந்தின் முழுப் பெயரைத்தான் எழுத வேண்டும்.