பாட்டியின் ஃபோன்

கேள்வி: நாங்கள் ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். அவருக்கு பாயான் லெப்பாஸில் ஷிப்ட். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 3. பள்ளி விட்டு வந்ததும் மகன் மாமியாரின் ஃபோனை எடுத்துக்கொள்கிறான், பிடுங்கினால் ஒரே கத்தல். மகளுக்கு வீடியோ ஓடாமல் சோறு இறங்காது. மாமியாரிடம் சொன்னால் மனஸ்தாபம். ஃபோனைப் பூட்ட ஏதாவது ஆப் இருக்கிறதா?
- ஒரு தாய், பினாங்கு

பதில்: ஆப் இருக்கிறது, சகோதரி. கூகுளின் ஃபேமிலி லிங்க், இலவசம்தான். ஆனால் அது பிள்ளைக்கென்று தனிக் கணக்கு போட்ட ஃபோனுக்கு. உங்கள் வீட்டில் ஓடுவது பாட்டியின் ஃபோன். அதைப் பூட்டினால் பாட்டியையும் சேர்த்தல்லவா பூட்டுவீர்கள்?

அவரைக் குறை சொல்லாதீர்கள். நாள் முழுக்க இரண்டு பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிறவருக்கு அந்த ஃபோன்தான் ஓய்வு. 'கொடுக்காதீங்க அத்தை' என்பது, அவர் உட்காரப்போகும் நாற்காலியை இழுப்பது மாதிரி. பகலை இப்போதைக்கு அவரிடமே விடுங்கள். நீங்கள் வீட்டில் இருக்கும் இரவுச் சாப்பாட்டில் ஆரம்பியுங்கள்.

2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. மூன்று வேளையும் வீடியோவோடு சாப்பிட்டால் உங்கள் மகளுக்கு அது சோற்றிலேயே தீர்ந்துவிடும். கண் திரையில் இருக்கும்போது வயிறு நிறைந்ததும் தெரியாது. இரவில் சின்னத் தட்டில் கொஞ்சமாக வைத்து, அவள் கையாலேயே சாப்பிட விடுங்கள். சட்டையெல்லாம் சாம்பார் ஆகட்டும். அரை மணியில் தட்டை எடுத்துவிடுங்கள். முதல் சில நாள் பாதிதான் சாப்பிடுவாள். பாட்டி பதறுவார், நீங்கள் பதறாதீர்கள். எடை குறைவதாகத் தோன்றினால் மட்டும் கிளினிக்கில் காட்டுங்கள்.

மகன் விஷயம் வேறு. ஆட்டம் பாதியில் இருக்கும்போது பிடுங்கினால் அவன் தோற்பான், கூடவே ஆடும் கூட்டாளிகளிடம் திட்டும் வாங்குவான். கத்தாமல் என்ன செய்வான்? 'அரை மணி நேரம்' என்பதற்குப் பதில் 'இரண்டு ஆட்டம்' என்று பேசிக்கொள்ளுங்கள். யூடியூப் என்றால் அடுத்த வீடியோ தானாக ஓடுவதை நிறுத்திவையுங்கள். ஆசிரியர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் வீட்டுப்பாடத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், பாவம்.

அப்புறம், 1982இல் மலேசியாவில் நம் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளிவைத்ததில் ஒரு லாபம்: ஏழு மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது. நீங்கள் வந்ததும் அவனைக் கீழே இறக்கிவிடுங்கள். பகல் வெளிச்சத்தில் ஓடியாடுவது கிட்டப்பார்வை வராமல் தடுக்கவும் உதவும்.

இரவில் எல்லா ஃபோனும் ஹாலில்தான் சார்ஜ் ஏற வேண்டும். உங்கள் கணவர் ஷிப்ட் முடிந்து வந்து படுக்கையில் ஃபோன் பார்ப்பவரா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் கேட்கிறேன்.