மண்ணின் மைந்தர் யார், நாற்காலி யாருக்கு? செட்டிநாட்டு வாசகர் கேள்வி பதில்

தேவகோட்டையிலிருந்து: எங்கள் ஐயா காலத்துப் பர்மா நிலப் பத்திரங்கள் பெட்டகத்தில் கிடக்கின்றன. சுதந்திரம் வந்த கையோடு நம்மவர் நிலத்தைப் பிடுங்கியது அநியாயம் இல்லையா?

ஆச்சி, அந்தப் பேரேட்டுக்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 1930இல் கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வசம் இருந்தது 6% நிலம். அப்போது நெல் விலை சரிந்தது. அசலும் வட்டியும் கட்ட வழியில்லாத உழவரின் அடமான வயல்கள் கடனுக்கு ஈடாகக் கைமாறின. 1937இல் அது 25%. லேவாதேவிக்காரருக்கு வேண்டியது பணம், வயல் அல்ல. ஆனால் பர்மியர் கண்ணுக்குத் தெரிந்தது போன வயல்தான். 1948இல் விடுதலை, அதே ஆண்டில் நில தேசியமயச் சட்டம். 1953இல் இன்னொன்று.

கானாடுகாத்தானிலிருந்து: அப்படியானால் அங்கே எல்லாப் பூர்வகுடிகளும் ஆட்சியில் பங்கு பெற்றார்களா?

காகிதத்தில் பெற்றார்கள். 1947 பாங்லாங் ஒப்பந்தம் ஷான், கச்சின், சின் மக்களுக்கு உள்நாட்டு நிர்வாகத்தில் தன்னாட்சி பேசியது. அந்த ஆண்டின் அரசியல் சட்டம் ஷான் மாநிலத்துக்குப் 10 ஆண்டு கழித்துப் பிரிந்துபோகும் உரிமைகூடத் தந்தது. 1962இல் தளபதி நெ வின் தலைமையில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் எல்லாம் முடிந்தது. 1982 குடியுரிமைச் சட்டம் 1823க்கு முன்பே அங்கே குடியிருந்த இனங்களையே மண்ணின் இனங்கள் என்கிறது. 1824இல்தான் ஆங்கிலேயரோடு முதல் போர். அதற்குப் பின் கப்பல் ஏறிப் போன நம்மவர் அந்தக் கோட்டுக்கு வெளியே.

காரைக்குடி மாணவர்: மலேசியாவில் பூமிபுத்ரா (மண்ணின் மைந்தர்) சலுகை முதலில் காட்டுவாசிகளான ஓராங் அஸ்லிக்குத்தானே?

எல்லாரும் தடுமாறும் இடம் இது, தம்பி. அரசுவேலை, உதவித்தொகை, உரிமங்களில் ஒதுக்கீடு தரும் மலேசிய அரசியல் சட்டத்தின் 153ஆம் பிரிவு மலாய்க்காரரையும் சபா, சரவாக் பூர்வகுடிகளையும் மட்டுமே சொல்கிறது. தீபகற்பத்தில் எல்லாருக்கும் முந்திய ஓராங் அஸ்லி அதில் இல்லை. மலாய்க்காரர் யார் என்பதை 160ஆம் பிரிவு இஸ்லாம், மலாய் மொழி, மலாய் வழக்கம் என்று வரையறுக்கிறது. எத்தனை தலைமுறை என்பதல்ல அளவுகோல்.

ஓராங் அஸ்லிக்கு இருப்பது 1954 சட்டம். அவர்கள் நிலத்தை அரசு எடுத்தால் பழமரத்துக்கு இழப்பீடு உண்டு, மண்ணுக்கு இல்லை என்றுதான் நடைமுறை இருந்தது. சிலாங்கூரில் கோலாலம்பூர் விமான நிலையத்துக்கான சாலைக்கு இடம் எடுத்தபோது ஓராங் அஸ்லியில் ஒரு பிரிவினரான தெமுவான் மக்கள் வழக்குப் போட்டார்கள். 2002இல் உயர்நீதிமன்றம் நிலத்துக்கும் விலை கொடு என்றது. 2005இல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. நாடாளுமன்றத்துக்கு ஓராங் அஸ்லியில் ஒருவர் தேர்தலில் வென்று போனது 2019இல், கேமரன் மலை இடைத்தேர்தலில். விடுதலை 1957. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

சிவகங்கையிலிருந்து: நரிக்குறவர் இப்போது பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்களாமே. தனித் தொகுதி கிடைக்குமா?

பட்டியலில் சேர்த்த சட்டம் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. சான்றிதழ் கொடுப்பவர் தாசில்தார் அல்ல, கோட்டாட்சியர். பழைய சான்றிதழில் எம்பிசி என்று இருப்பது தவறல்ல, அன்றைக்கு அதுதான் வகுப்பு. தொகுதி வேறு விஷயம். சட்டமன்றத்தின் 234 இடங்களில் பழங்குடியினருக்கு ஏற்காடு, சேந்தமங்கலம் இரண்டுதான். மக்களவைக்கு ஒன்றும் இல்லை. செட்டிநாட்டில் நிற்க வேண்டுமானால் பொதுத் தொகுதியில்தான் மனுப்போட வேண்டும்.