போட்டோஷாப் தெரிந்தும் வேலை கிடைக்கவில்லையே: மகளுக்காகக் கேட்ட ஓர் அம்மாவுக்கு

அம்மா, அடுத்த கோர்ஸுக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். இண்டர்வியூவில் கடலை எண்ணெய் பாட்டில் லேபிள் ஒன்றைச் செய்யச் சொன்னார்கள், மகள் முழுக்க போட்டோஷாப்பிலேயே செய்து ஜேபெக்காகக் கொடுத்தாள், எடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். காரணம் அதிலேயே இருக்கிறது. அவளுடைய கற்பனைக்கு ஒரு குறையும் இல்லை. எதைப் பிக்சலாக (சிறு நிறப் புள்ளிகளாக) வைப்பது, எதை வெக்டராக (கணக்கால் வரையும் கோடுகளாக) வைப்பது, இரண்டையும் ஒரே ஃபைலில் எப்படிச் சேர்ப்பது என்பதுதான் விட்டுப்போயிருக்கிறது.

போட்டோ என்பது பிக்சல்களின் கூட்டம். 1,200 பிக்சல் அகலமுள்ள படத்தை 4 அங்குலத்தில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 300 பிக்சல், தெளிவாக வரும். அதையே 12 அங்குலத்துக்கு இழுத்தால் 100தான் மிஞ்சும். கையில் எடுத்துப் பார்க்கும் லேபிளுக்கு அது போதாது. லோகோ, எழுத்து, பார்கோடு இவை வெக்டராக இருந்தால் எந்த அளவுக்குப் பெரிதாக்கினாலும் ஓரம் கூர்மையாகவே இருக்கும். ஜேபெக் ஆக்கியதும் அவையும் பிக்சலாகிவிடுகின்றன. 6 பாயிண்ட் எனும் பொடி எழுத்தில் போட்ட முகவரி மங்கும். அது ஆர்ஜிபி (திரைக்கான நிறமுறை) ஃபைலாகவும் இருந்தால் இன்னொரு சிக்கல்: அச்சுக்கான நான்கு மை முறையான சிஎம்ஒய்கேவுக்கு மாற்றும்போது கறுப்பு எழுத்து நான்கு மையிலும் பிரியும். ஒவ்வொரு மைக்கும் உள்ள அச்சுத் தகடான பிளேட் இம்மியளவு நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி நிற நிழல் தட்டும். பிரஸ்காரர்கள் பயப்படுவது இதற்குத்தான்.

அதே லேபிளை மறுபடி செய்யச் சொல்லுங்கள். அளவு 150 × 80 மில்லிமீட்டர், சுற்றிலும் 3 மில்லிமீட்டர் ப்ளீட் (வெட்டும்போது போகும் கூடுதல் ஓரம்). லேபிள் முழுக்கப் பின்னணிப் படம் வேண்டுமென்றால், ப்ளீடையும் சேர்த்து அங்குலத்துக்கு 300 கணக்கில் ஏறத்தாழ 1,843 × 1,016 பிக்சல் தேவை. வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் டாகுமெண்டாக அனுப்பச் சொல்ல வேண்டும். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கித்தான் வரும். போட்டோஷாப்பில் படத்திலுள்ள நிலக்கடலையை மட்டும் லேயர் மாஸ்க் (வேண்டாத பகுதியை மறைக்கும் திரை) போட்டு வெட்டி, போட்டோஷாப்பின் சொந்த ஃபைலான பிஎஸ்டியாகச் சேமிக்க வேண்டும். ஜேபெக்கில் டிரான்ஸ்பரன்சி (பின்னணி ஊடுருவித் தெரிவது) கிடையாது. வெள்ளைப் பெட்டியோடு வந்து உட்காரும்.

பிறகு வெக்டர் வேலைக்கான சாஃப்ட்வேரான இல்லஸ்ட்ரேட்டரில் சிஎம்ஒய்கே ஃபைல் திறந்து, ஃபைல் மெனுவில் பிளேஸ் கொடுத்து, லிங்க் டிக்கோடு அந்த பிஎஸ்டியைக் கொண்டுவர வேண்டும். பிஎஸ்டியில் திருத்தினால் இங்கேயும் மாறும். லிங்க்ஸ் பேனலில் பிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை பிக்சல்) எவ்வளவு என்று பார்ப்பது கட்டாயம். படத்தை இங்கே பெரிதாக்கினால் அந்த எண் இறங்கும். சிறிய எழுத்தும் பார்கோடும் கறுப்பு மை 100 சதவீதம் மட்டும், மற்ற மூன்றும் பூஜ்யம். டிராப் ஷேடோ (நிழல்) போட்டால் டாகுமெண்ட் ராஸ்டர் எஃபெக்ட்ஸ் செட்டிங் 72இல் நிற்கிறதா என்று பார்த்து 300க்கு மாற்ற வேண்டும். வெக்டர் ஃபைலுக்குள் நிழல் மட்டும் கட்டம் கட்டமாக அச்சாவது இதை மறப்பதால்தான்.

தமிழ் எழுத்தில் தனிக் கவனம் வேண்டும். யூனிகோடில் 'எண்ணெய்' என்று அடித்தால் ஒற்றைக்கொம்பு ணகரத்துக்குப் பின்னால் போய் நிற்கக்கூடும். டைப் பிரிஃபரன்ஸில் இண்டிக் ஆப்ஷன்ஸை ஆன் செய்து, பாராகிராஃப் பேனலில் இந்திய எழுத்துகளுக்கான கம்போசரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். எல்லாம் முடிந்த பிறகே கண்ட்ரோல்+ஷிஃப்ட்+ஓ கொடுத்து எழுத்தை அவுட்லைன் (வெறும் வரைவடிவம்) ஆக்க வேண்டும், அதுவும் ஒரு காப்பியில் மட்டும். அவுட்லைன் ஆன விலையை நாளைக்குத் திருத்த முடியாது.

எதிர்த் திசையிலும் வேலை வரும்: லோகோவை போட்டோஷாப் போஸ்டருக்குள் வைப்பது. இல்லஸ்ட்ரேட்டரில் காப்பி செய்து பேஸ்ட் செய்யும்போது பிக்சல்ஸ், ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் என்றெல்லாம் கேட்கும். மூல வெக்டரை உள்ளே அப்படியே வைத்திருக்கும் ஸ்மார்ட் ஆப்ஜெக்டையே எடுக்கட்டும். சின்னதாக்கிப் பிறகு பெரிதாக்கினாலும் லோகோ கெடாது; டபுள் கிளிக் செய்தால் இல்லஸ்ட்ரேட்டரிலேயே திறந்து திருத்தலாம். வெக்டர் வேண்டுமே என்று போட்டோவை இமேஜ் டிரேஸ் (தானாகவே கோடுகளாக மாற்றும் கட்டளை) செய்யும் பழக்கம் மட்டும் வேண்டாம். ஆயிரக்கணக்கான துண்டுகளாகி ஃபைல் நகராது, போட்டோவும் போட்டோவாக இருக்காது. பழைய லோகோ மங்கலாகக் கிடைத்தால் பென் டூலால் மேலே வரைவதே நல்லது.

முடிந்த லேபிளைப் பிடிஎஃப் ஆக்கி 800 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள், அம்மா. இதை நீங்களே செய்யலாம். போட்டோ கட்டம் கட்டமாகத் தெரியலாம். எழுத்தும் பார்கோடும் கூர்மையாக நிற்க வேண்டும். எழுத்தும் உடைந்தால் எங்கோ தட்டையாகிப் பிக்சலாகிவிட்டது என்று பொருள்.

சாஃப்ட்வேருக்குச் செலவு செய்ய முடியாவிட்டால் வெக்டருக்கு இன்க்ஸ்கேப்பும் போட்டோவுக்கு கிம்ப்பும் இலவசம். பழகுவதற்குத் தாராளமாகப் போதும், சிஎம்ஒய்கே வேலைக்கு மட்டும் தோதுப்படாது. உள்ளூர் டிடிபி கடைகளில் கோரல்ட்ரா எனும் வெக்டர் சாஃப்ட்வேர்தான் அதிகம் ஓடுகிறது, அதில் பவர்கிளிப்பும் (படத்தை ஒரு வடிவத்துக்குள் அடைப்பது) கண்ட்ரோல்+க்யூவும் (எழுத்தை வரைவடிவம் ஆக்குவது) தெரிந்திருக்க வேண்டும். பட்டமாகவே படிக்க ஆசைப்பட்டால் அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி கல்லூரியில் பிரிண்டிங் அண்ட் பேக்கேஜிங் டெக்னாலஜி உண்டு. ஆனால் ஏற்கெனவே டிகிரி முடித்த பெண்ணுக்கு நான் முதலில் சொல்வது, பக்கத்து ஊர் பிரஸ் ஒன்றில் அச்சுக்கு முன் ஃபைலைச் சரிபார்க்கும் ப்ரீபிரஸ் பிரிவில் இரண்டு மூன்று மாதம் உட்காரச் சொல்லுங்கள் என்பதுதான். திரும்பி வரும் ஃபைல்கள் ஏன் திரும்பி வருகின்றன என்பதை அங்கே தினமும் பார்ப்பாள். அடுத்த இண்டர்வியூவுக்கு அச்சான லேபிளையும் லேயர் கலையாத ஒரிஜினல் ஃபைலையும் சேர்த்தே எடுத்துப் போகட்டும்.