பூல் சைஸை ஏன் கூட்டினீர்கள்?

வணக்கம் சார்,

மூன்று வருடமாக ஜாவாவில் வேலை. ஸ்பிரிங் பூட், ஹைபர்நேட், போஸ்ட்கிரெஸ். அடுத்து குவார்கஸ் படிக்கவா, கோட்லின் படிக்கவா, ஜாவா 21-இல் வந்த விர்ச்சுவல் த்ரெட் படிக்கவா? நல்ல கோர்ஸ் இருந்தால் சொல்லுங்கள். போன மாதம் எங்கள் பேமென்ட் சர்வீஸ் ராத்திரி தொங்கிப்போனது. கனெக்‌ஷன் கிடைக்கவில்லை என்று லாக்கில் வந்தது. டேட்டாபேஸ் கனெக்‌ஷன்களைத் திறந்து வைத்துப் பகிர்ந்து தரும் பூலின் சைஸை 10-லிருந்து 50 ஆக்கினோம், இப்போது ஓடுகிறது. ஆனால் அந்த ராத்திரிக்குப் பிறகு போன் அடித்தாலே பயமாக இருக்கிறது. இந்த வேலை எனக்குச் சரிப்படுமா என்றே சந்தேகம்.

கார்த்திகா

அன்புள்ள கார்த்திகா,

குவார்கஸ், கோட்லின் எல்லாம் இருக்கட்டும். உங்கள் ஆபீசில் ஓடுவதை முதலில் முழுசாகப் படியுங்கள். கோர்ஸுக்குக் காசு கொடுக்க வேண்டாம். ஸ்பிரிங்கின் சொந்த ஆவணமும், பூல் அளவு பற்றி ஹிகாரியின் (ஸ்பிரிங் பூட்டில் அந்தப் பூலை நடத்தும் லைப்ரரி) கிட்ஹப் பக்கத்தில் இருக்கும் குறிப்பும் இலவசம்.

என்னைப் பிடித்து நிறுத்தியது உங்கள் கேள்வி இல்லை, "10-லிருந்து 50 ஆக்கினோம், இப்போது ஓடுகிறது" என்ற வரி. கொஞ்ச நாளாகவே இது என் மண்டையில் ஓடிக்கொண்டிருக்கிறது, ஏனென்றால் பார்க்கிற டீமெல்லாம் இதைத்தான் செய்கிறது. என்னம்மா இது? அந்த 10 கனெக்‌ஷனையும் யார் பிடித்து வைத்திருந்தார்கள் என்று ஒருவர்கூடவா கேட்கவில்லை?

உங்கள் கோடை நான் பார்த்ததில்லை. ஆனாலும் பேமென்ட் சர்வீஸ் என்றதும் எனக்கு முதலில் வரும் சந்தேகம் இது: ட்ரான்ஸாக்‌ஷனல் என்று குறித்த மெத்தடுக்குள்ளேயே, பணம் வாங்கித் தரும் வெளி சர்வீஸான கேட்வேயைக் கூப்பிடுகிறீர்கள். ட்ரான்ஸாக்‌ஷன் தொடங்கும்போதே ஒரு கனெக்‌ஷன் கைக்கு வந்துவிடும், முடியும்வரை திரும்பப் போகாது. கேட்வே பதில் சொல்லும்வரை அது சும்மா கிடக்கும். சாப்பிட்டு முடித்தவர் இலை முன்னால் உட்கார்ந்து போன் பேசுகிற மாதிரி. அந்த மெத்தட் டேபிளில் ஏதாவது வரிசையை மாற்றியிருந்தால் அதன் பூட்டும் அதுவரை திறக்காது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கேட்வே 5 விநாடி எடுத்தால் 10 கனெக்‌ஷனால் விநாடிக்கு 2 பேமென்ட்தான் முடியும். ஸ்பிரிங் பூட்டுக்குள் ஓடும் வெப் சர்வரான டாம்கேட், கோரிக்கைக்கு ஒன்றாக இயல்பாக 200 த்ரெட் வரை வைத்திருக்கும். மிச்சமுள்ள 190 ஹிகாரி வாசலில் நிற்கும், 30 விநாடிக்குள் கனெக்‌ஷன் கிடைக்காதவற்றுக்குப் பிழை வரும். பழைய ரசீதைப் பார்க்க வந்த பாவப்பட்டவருக்கும் அதே கதி. 50 ஆக்கினால் விநாடிக்கு 10. கேட்வே 30 விநாடி எடுக்கும் ஒருநாள் வரும், அன்றைக்கு 50-ம் போதாது. சர்வீஸின் மூன்று பிரதி (இன்ஸ்டன்ஸ்) ஓட்டினால் 150 கனெக்‌ஷன் கேட்பீர்கள், போஸ்ட்கிரெஸ் இயல்பாக அனுமதிப்பது 100. விர்ச்சுவல் த்ரெட்டும் இதற்கு மருந்தில்லை. காத்திருக்கிற த்ரெட்டின் செலவு குறையும், கனெக்‌ஷன் பெருகாது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் டிக்கெட் விற்கும் ஒரு தளம் இப்படித்தான் நின்றது. மேனேஜர்கள் எல்லாம் ரீஸ்டார்ட், ரீஸ்டார்ட் என்று கத்துகிறார்கள். எங்கள் லீட் அக்கா மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, "முதல்ல டம்ப் எடு, அப்புறம் ரீஸ்டார்ட் பண்ணு" என்றார். கில் மைனஸ் த்ரீ என்ற கட்டளை, பத்து விநாடி இடைவெளி விட்டு மூன்று தடவை. ஒவ்வொரு த்ரெட்டும் அந்த நொடியில் எந்த வரியில் நிற்கிறது என்ற பட்டியல் வரும், அதுதான் டம்ப். பிரிண்ட் எடுத்துச் சிவப்புப் பேனாவால் கோடு போட்டார். த்ரெட் த்ரெட்டாக ஒரே வரி: மெயில் சர்வரின் பதிலுக்காக சாக்கெட்டில் காத்திருக்கிறது. ட்ரான்ஸாக்‌ஷனுக்குள்ளே உட்கார்ந்து மெயில் அனுப்பிக்கொண்டிருந்தது கோட். கனெக்‌ஷன் கிடைக்கவில்லை என்று லாக்கில் கத்திய த்ரெட்டுகள் அத்தனையும் பாதிக்கப்பட்டவை. குற்றவாளி லாக்கில் ஒரு வரிகூட எழுதவில்லை. உங்கள் லாக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

இப்போது டம்ப் எடுக்க ஜாவாவோடு வரும் ஜேசிஎம்டி இருக்கிறது, ஒரே கட்டளை. ஹிகாரியில் லீக் டிடெக்‌ஷன் த்ரெஷோல்ட் என்று ஒரு அமைப்பும் உண்டு. அதை 5 விநாடிக்கு வைத்தால், அதற்கு மேல் கனெக்‌ஷனைப் பிடித்து வைத்திருக்கும் கோட் எது என்று ஸ்டாக் ட்ரேஸோடு லாக்கில் வந்து நிற்கும்.

சந்தேகம் உறுதியானால் மெத்தடைப் பிரியுங்கள். ஆர்டரை 'நிலுவை' என்று எழுதி கமிட் பண்ணுங்கள். கேட்வேயை ட்ரான்ஸாக்‌ஷனுக்கு வெளியே கூப்பிடுங்கள், கண்டிப்பாக டைம்அவுட் வைத்து. ஜாவாவோடு வரும் எச்டிடிபி கிளையன்டில் நாமாகச் சொல்லாவிட்டால் டைம்அவுட்டே கிடையாது. முடிவை இரண்டாவது ட்ரான்ஸாக்‌ஷனில் எழுதுங்கள். நடுவில் சர்வர் விழுந்தால் நிலுவையில் நிற்பவற்றைக் கேட்வேயிடம் கேட்டுச் சரிபார்க்க ஒரு ஜாப் வேண்டும். பிரித்த மெத்தட்களை அதே கிளாஸில் வைத்து அங்கிருந்தே கூப்பிடாதீர்கள், ஸ்பிரிங் வெளியே சுற்றி வைக்கும் ப்ராக்ஸி வழியாகப் போகாததால் ட்ரான்ஸாக்‌ஷனல் என்ற குறிப்பு (அனொடேஷன்) வேலை செய்யாது. தனி கிளாஸில் வையுங்கள்.

அந்த பயத்தைப் பற்றி. என்ன நடந்தது என்று தெரியாமலே பிரச்சினை ஓய்ந்துவிட்டால், மறுபடி வருமோ என்ற பயம் யாருக்கும் இருக்கும். இருபது வருட அனுபவக்காரரும் அந்த இடத்தில் நடுங்குவார். உங்களுக்கு ஜாவா வரவில்லை என்று அதற்கு அர்த்தமே கிடையாது, அந்த எண்ணத்தை இன்றோடு விடுங்கள். டம்ப் எடுக்க உங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, உங்கள் சீனியர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

இந்த வாரமே டெஸ்ட் சர்வரில் கேட்வேக்குப் பதில் 20 விநாடி தூங்கும் ஒரு போலி சர்வீஸை வைத்து, பூலை மறுபடி 10 ஆக்கி, லோட் கொடுத்து, மூன்று டம்ப் எடுங்கள். புரியாத பகுதியை எனக்கு அனுப்புங்கள். ப்ரொடக்‌ஷன் டம்ப் ஏதாவது கையில் இருந்தால் அதை மட்டும் வெளியே அனுப்பாதீர்கள்.